சூரியசக்தி பம்புசெட்டு: தாங்கி துருப்பிடித்தால் தகடு நிலைக்குமா?

கீழப்பாவூர் வட்டாரம் குளத்துப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த பகுதி. சிற்றாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகினால் வயலில் நெல். குளம் வற்றும் மாதங்களில் கிணற்றை நம்பித் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், சின்ன வெங்காயம். பாவூர்சத்திரம் சந்தைக்கும், அங்கிருந்து கேரளத்துக்கும் போகும் காய்கறியில் பெரும்பகுதி இப்படிக் கிணற்றுத் தண்ணீரில் விளைவதுதான். பூ பிடிக்கும் தருணத்தில் நான்கு நாள் தண்ணீர் தவறினாலும் அந்தப் பட்டம் கை நழுவிப் போகும் என்பதை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கிணறுகளில் இப்போது சூரியசக்தி பம்புசெட்டுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி குசும் திட்டத்தின் கீழும், மாநில அரசின் உதவியுடனும், வேளாண்மைப் பொறியியல் துறை மூலமாக மானியத்தில் இவை அமைக்கப்பட்டு வந்துள்ளன. மானியம் போக மீதிப் பங்கை உழவரே கட்டுகிறார். சொந்தப் பணத்தில் முழுவதையும் அமைத்துக்கொள்பவர்களும் உண்டு.

வாங்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். பம்பு எத்தனை எச்.பி.? தகடு எத்தனை வாட்? தகட்டைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு எந்த இரும்பு, அதன் மேல் என்ன பூச்சு, எவ்வளவு கனம் என்று கேட்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தகட்டுக்குக் கம்பெனிகள் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. தாங்கி பத்தாண்டில் துருப்பிடித்துச் சாய்ந்தால் அந்த 25 ஆண்டு உத்தரவாதத்தால் என்ன பயன்? சாயும் தாங்கி தகடுகளையும் உடைத்துக்கொண்டுதான் சாயும். ஆகவே தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் பகுதியில் உள்ள இரண்டு சோதனைகள்

முதலாவது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவத்தில் காற்று அந்த வாயில் வழியாகப் பாய்ந்து தென்காசிச் சமவெளியில் இறங்குகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெருகியது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களை ஒட்டித்தான் என்பது இதற்குச் சான்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நம் ஊரார் விளையாட்டாகச் சொல்வதில்லை.

இரண்டாவது ஈரம். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஆனி, ஆடி மாதங்களில் சாரலும் வெயிலும் மாறி மாறி வரும். இரும்பு நனையும், காயும், மறுபடி நனையும். துருப்பிடிப்பது மழையின் அளவைவிட, இரும்பு எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதையே பொறுத்தது. கடலோரத்து உப்புக்காற்று நமக்கு இல்லை என்பது ஒரு நன்மை. ஆயினும் நம் வயலில் இரும்பை அரிக்கும் வேறு சில பொருள்கள் உண்டு. அவற்றைப் பின்னர் காண்போம்.

துத்தநாகம் இரும்பைக் காப்பது எப்படி?

ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. வாளி, முள்கம்பி, தகரக் கூரை இவையெல்லாம் துத்தநாகம் பூசிய இரும்பே. துத்தநாகம் நமக்குப் புதியதல்ல. ராஜஸ்தானில் உள்ள ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மண் உலைகளில் துத்தநாகத்தை வடித்தெடுத்தார்கள். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கிக் காக்கும் முறைக்கு 1837-இல் பிரான்சு நாட்டில் சோரல் என்பவர் காப்புரிமை பெற்றார்.

துத்தநாகம் இரண்டு வகையில் காவல் செய்கிறது. முதலாவதாக, காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாதபடி மூடிக்கொள்கிறது. நாளடைவில் அதன் மேல் கரையாத சாம்பல் நிறப் படலம் ஒன்று உண்டாகி, அரிப்பு மெதுவாகிறது. இரண்டாவதாக, பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. சாதாரண வண்ணப் பூச்சுக்கு இந்தக் குணம் கிடையாது. வண்ணத்தில் கீறல் விழுந்தால் துரு உள்ளே புகுந்து அடியோடு கிளப்பிவிடும்.

ஆனால் துத்தநாகம் கரைந்துகொண்டேதான் காக்கிறது. பூச்சு எவ்வளவு தடிப்போ அவ்வளவு காலமே காவல். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எல்லா ஜி.ஐ.யும் ஒன்றல்ல

கடையில் ஜி.ஐ. என்ற ஒரே பெயரில் மூன்று விதப் பூச்சுகள் விற்கப்படுகின்றன.

1. சூடாக முக்கியெடுத்தது. இரும்பை வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்த பிறகு, அமிலத்தில் சுத்தம் செய்து, சுமார் 450 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் முழுவதுமாக முக்குவார்கள். துத்தநாகம் இரும்போடு கலந்து உலோகமாகவே ஒட்டிக்கொள்ளும். 5 மி.மீ.க்கும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்பில் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏற வேண்டும் என்பது ஐ.எஸ். 4759 தரம். இது ஏறத்தாழ 85 மைக்ரான் தடிப்பு.

2. பூச்சேற்றிய தகட்டை மடித்துச் செய்தது. ஆலையிலேயே துத்தநாகம் ஏற்றிய தகட்டுச் சுருளை வாங்கி, வெட்டி, மடித்துச் சட்டமாக்குவது. இதில் சொல்லப்படும் கிராம் கணக்கு தகட்டின் இரு பக்கமும் சேர்த்தது. 275 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான். 120 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 8 மைக்ரான்தான். வெட்டிய ஓரங்களிலும் துளைகளிலும் பூச்சே இராது.

3. மின்முலாம். வெள்ளி போலப் பளபளக்கும். போல்ட்டு, நட்டுகளில் இதுவே அதிகம். தடிப்பு 5 முதல் 10 மைக்ரான் அளவே இருக்கும்.

இவற்றின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கடுமையான கடற்காற்றோ ஆலைப் புகையோ இல்லாத, ஆனால் ஓரளவு ஈரமுள்ள இடங்களில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும் என்று சர்வதேசத் தரநிர்ணயம் வகுத்துள்ளது. கைக்கணக்குக்கு ஆண்டுக்கு 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 80 மைக்ரான் பூச்சு 40 ஆண்டு தாங்கும். 19 மைக்ரான் பூச்சு ஒன்பது, பத்து ஆண்டு. 8 மைக்ரான் பூச்சு நான்கே ஆண்டு. பார்வைக்கு மூன்றும் வெள்ளையாகவே இருக்கும்.

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் சூரியசக்தி பம்புசெட்டுகளுக்கு வகுத்த விதிமுறையில், தாங்கி சூடாக முக்கியெடுத்த துத்தநாகப் பூச்சுடன், குறைந்தது 80 மைக்ரான் தடிப்புடன் இருக்க வேண்டும் என்றும், மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்றும் குறித்துள்ளது. மானியத்தில் வாங்கினாலும் சொந்தப் பணத்தில் வாங்கினாலும் இந்த இரண்டு எண்களையும் மறக்கலாகாது.

இரும்பின் கனமும் முக்கியம்

மெல்லிய இரும்பில் தடித்த பூச்சு ஏறாது. இரும்பு கனமாக இருந்தால்தான் தொட்டியில் துத்தநாகம் நன்றாகப் பற்றும். ஒன்றரை மி.மீ.க்குக் குறைந்த இரும்பில் சராசரி 45 மைக்ரான் இருந்தால் போதும் என்றுதான் சர்வதேசத் தரமே சொல்கிறது. ஆகவே 1.2 மி.மீ. தகட்டுச் சட்டத்தைக் காட்டி, இதில் 80 மைக்ரான் ஏற்றியிருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

தூண்கள் 3 மி.மீ.க்குக் குறையாமலும், தகடு உட்காரும் குறுக்குச் சட்டங்கள் 2 மி.மீ.க்குக் குறையாமலும் இருப்பது நன்று. இரும்புக் கடையில் உள்ள வெர்னியர் கருவியால் இதை ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம்.

மொத்த எடையும் ஒரு நல்ல அளவுகோல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைக்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தில் 25 லட்சம் தகடுகளைத் தாங்க 3,80,000 அஸ்திவாரங்களும், 30,000 டன் துத்தநாகம் பூசிய இரும்பும் செலவாயின என்று அதை அமைத்த அதானி நிறுவனம் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 46 கிலோ இரும்பு. 5 எச்.பி. பம்புக்கு 4,800 வாட் தகடுகள் வேண்டும். அதே விகிதத்தில் பார்த்தால் 220 கிலோவுக்கு மேல் இரும்பு தேவை. பெரிய நிலையத்தில் வரிசைகள் ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்து நிற்கும். நம் வயலிலோ ஸ்டாண்டு தனியே நிற்கிறது. எனவே நமக்குச் சற்றுக் கூடலாமே தவிரக் குறையக் கூடாது. உங்களுக்கு வந்திறங்கும் தாங்கி 130 அல்லது 140 கிலோதான் என்றால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சந்தைக்குப் போகும் வண்டியை எடை போடும் இடத்திலேயே இதையும் போட்டுப் பார்க்கலாம்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

• மண்ணெண்ணெய் அல்லது தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளி நிற அலுமினிய வண்ணம் அடித்து ஜி.ஐ. என்று தள்ளிவிட முயன்றிருந்தால் துணியில் ஒட்டும்.

• காந்தம் இந்தச் சோதனைக்கு உதவாது. பூச்சின் அடியில் இருப்பது இரும்பே ஆதலால் எல்லாவற்றிலும் ஒட்டும்.

• பூப்பூவாகப் பளபளத்தால் நல்ல பூச்சு என்று எண்ண வேண்டாம். அது துத்தநாகம் உறையும் விதத்தால் வருவது, தடிப்பைக் காட்டாது. மங்கிய சாம்பல் நிறத்தில் இருப்பது பல வேளைகளில் தடித்த பூச்சாகவே இருக்கும்.

• குழாயின் உட்புறத்தைப் பாருங்கள். முழுவதும் முக்கியிருந்தால் உள்ளேயும் துத்தநாகம் இருக்கும். உள்ளே கறுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது தொட்டியில் முக்கியது அன்று. துளை ஓரங்களிலும் வெட்டு முனைகளிலும் பூச்சு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

• மைக்ரான் அளக்கும் சிறு கருவி பூச்சு ஆலைகளிலும் பொறியாளர்களிடமும் இருக்கும். இரும்பின் மேல் வைத்த உடனே எண் காட்டும். தூணில் இரண்டு இடம், சட்டத்தில் இரண்டு இடம், அடித்தகட்டில் ஓர் இடம் என ஐந்து இடங்களில் உங்கள் கண் முன்னே அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

மயில்துத்தச் சோதனை ஒன்றும் உண்டு. போர்டோ கலவை தயாரிக்கும்போது அரிவாள் நுனியை அதில் முக்கிப் பார்ப்பது உழவர்களுக்குப் பழக்கமானது. செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்கள். அங்கே அரிவாளில் படிவது மயில்துத்தத்தில் உள்ள செம்புதான். துத்தநாகப் பூச்சின் சீரைச் சோதிக்கும் ஐ.எஸ். 2633 முறையும் இதே அடிப்படையில் அமைந்தது. தாங்கியின் வெட்டுத் துண்டு ஒன்றைக் கெட்டியான மயில்துத்தக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, கழுவித் துடைத்து, மறுபடி முக்க வேண்டும். துத்தநாகம் இருக்கும்வரை கறுப்புப் படிவு மட்டுமே வந்து துடைத்தால் போய்விடும். துத்தநாகம் தீர்ந்து இரும்பு வெளிப்பட்ட இடத்தில் செம்பு பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. மெல்லிய பூச்சு ஓரிரு முக்கலிலேயே செம்பேறும். தடித்த பூச்சு பல முறை தாங்கும். வெட்டிய ஓரத்தில் உடனே செம்பு படிவது இயல்பு. அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம், தட்டைப் பகுதியைப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தனித் துண்டில் மட்டுமே செய்ய வேண்டும். சோதித்த துண்டைத் தாங்கியில் பயன்படுத்தலாகாது.

அஸ்திவாரம்: கனக்கக் கட்டுவது எதற்காக?

தகடுகளின் எடை தாங்கியை அழுத்துகிறது, ஆகவே அஸ்திவாரம் கீழே இறங்காமல் இருந்தால் போதும் என்று கொத்தனார்கள் நினைப்பதுண்டு. உண்மையில் நாம் அஞ்ச வேண்டியது மேலே தூக்கும் விசைக்கே.

540 வாட் தகடுகள் ஒன்பது வைத்தால் 5 எச்.பி. பம்புக்குப் போதும். ஒவ்வொன்றும் சுமார் 2.6 சதுர மீட்டர், 28 கிலோ. ஒன்பதும் சேர்ந்து 23 சதுர மீட்டர் பரப்பு, 250 கிலோ எடை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 106 கிலோ விசை கொடுக்கும். 23 சதுர மீட்டருக்கு 2,400 கிலோ. சாய்வையும் காற்றின் திசையையும் பொறுத்து இது கூடலாம், குறையலாம். ஆனால் காற்று அடியில் புகுந்து தூக்கினால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட விசையைத் தாங்க வேண்டியிருக்கும் என்பது தெளிவு. தகடும் இரும்பும் சேர்ந்து 500 கிலோதான். மீதியைப் பிடித்து வைக்க வேண்டியது கான்கிரீட்டே.

ஒன்றரை அடி சதுரம், இரண்டு அடி ஆழம் என்று நான்கு குழி தோண்டிக் கான்கிரீட் போட்டால் நான்கும் சேர்ந்து சுமார் 1,150 கிலோதான் வரும். தகடு, இரும்பு எடையைச் சேர்த்தாலும் 1,650 கிலோவைத் தாண்டாது. இது போதாது. இரண்டு அடி சதுரம், மூன்று அடி ஆழம் என்று தோண்டினால் ஒவ்வொரு கட்டையும் 775 கிலோ, நான்கும் சேர்ந்து 3,100 கிலோ. தகடு, இரும்பையும் சேர்த்தால் 3,600 கிலோ. அதாவது தூக்கும் விசையைப் போல ஒன்றரை மடங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில மூட்டைச் சிமெண்டும் ஒரு நாள் கூலியும்தான். இது ஒரு மாதிரிக் கணக்கு. தூணின் எண்ணிக்கையும் உயரமும் மாறினால் பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும். ஒற்றைத் தூண் ஸ்டாண்டில் சாயும் விசை முழுவதும் ஒரே கட்டையில் விழுவதால் அதற்கு இன்னும் அகலமும் ஆழமும் தேவை.

மண்ணையும் பார்க்க வேண்டும். செம்மண், சரள் மண்ணில் கட்டை நன்கு பிடிக்கும். கரிசல் மண் கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் கட்டையை அசைக்கும். அங்கே வெடிப்பு போகும் ஆழத்துக்குக் கீழே கட்டை இறங்க வேண்டும். குளத்து ஆயக்கட்டில் தண்ணீர் தேங்கும் வயலைத் தவிர்த்து மேட்டுப் பக்கம் தேர்ந்தெடுங்கள். கிணற்று விளிம்பை ஒட்டிய கொட்டு மண்ணிலும் வேண்டாம். மொத்தம் ஒரு சென்ட் இடத்துக்குள் அடங்கிவிடும் அமைப்பு இது. ஆதலால் நல்ல இடத்தைக் கொடுப்பதில் தயக்கம் தேவையில்லை.

கான்கிரீட்டின் தலை தரைக்கு மேல் அரை அடியாவது உயர்ந்து, நான்கு பக்கமும் சரிவாகப் பூசப்பட வேண்டும். தூண் பெரும்பாலும் துருப்பிடித்து ஒடிவது தண்ணீரும் மண்ணும் தேங்கும் அந்த அடிவாரத்தில்தான். கான்கிரீட் ஏழு நாளாவது தண்ணீர் குடித்து இறுகிய பிறகே தகடுகளை ஏற்ற வேண்டும்.

வயலில் வெல்டிங் வேண்டாம்

எல்லா வெட்டும், துளையும், வெல்டிங்கும் துத்தநாகத் தொட்டிக்குப் போகுமுன் முடிந்துவிட வேண்டும். வயலில் போல்ட்டு மாட்டி முறுக்குவது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். வயலில் வந்து துளை சேரவில்லை என்று வெல்டிங் வைத்தால், அந்தச் சூட்டில் சுற்றிலும் துத்தநாகம் எரிந்துபோகும். மேலே வெள்ளி வண்ணம் அடித்து மறைத்தாலும் ஓரிரு மழையில் அங்கே துரு தலைகாட்டும். தவிர்க்க முடியாமல் சிறு இடம் சேதமானால், கம்பி பிரஷால் தேய்த்து, துத்தநாகத் தூள் மிகுந்த வண்ணத்தை 100 மைக்ரானுக்குக் குறையாமல் பூச வேண்டும். இப்படிச் சரிசெய்யும் இடம் ஒவ்வொன்றும் 10 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. அதற்கு மேல் பழுதான சட்டத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குவதே முறை.

போல்ட்டு, நட்டுகள் துருப்பிடிக்காத எஃகில், அதாவது 304 ரக எவர்சில்வரில் இருக்கட்டும். அல்லது சூடாக முக்கியெடுத்ததாக இருக்கட்டும். மின்முலாம் போட்ட மலிவு போல்ட்டைப் போட்டால், 40 ஆண்டு தாங்கும் தாங்கியை நான்கு ஆண்டு தாங்கும் போல்ட்டு பிடித்திருக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம். நம் சீசன் காற்று ஒரே அடியாக அடித்து ஓய்வதில்லை. இரண்டு மூன்று மாதம் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். நட்டு கழல்வது அப்படித்தான்.

சாய்வும் திசையும்

கீழப்பாவூர் ஏறத்தாழ 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகச் சஞ்சரிக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. எனவே தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதுமானது. அதற்கு மேல் சாய்த்தால் காற்று அதிகம் பிடிக்கும். அதற்குக் குறைத்தால் தூசி மழையில் வழிந்து போகாது. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள தென்னைகளின் நிழல் காலை, மாலையில் விழாதபடி இடம் பார்க்க வேண்டும்.

சூரியனைத் தொடர்ந்து திருப்பும் தாங்கிகளும் உள்ளன. தண்ணீர் சற்று அதிகம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஆனி, ஆடியில் எச்சரிக்கை தேவை. காலையில் தகடு கிழக்கு நோக்கித் திரும்பியிருக்கும்போது மேல்காற்று அதன் முதுகில் புகுந்து தூக்கும். மாலையில் மேற்கு நோக்கினால் முகத்தில் அறையும். பலத்த காற்று நாட்களில் படுக்கை வசமாக வைத்துப் பூட்டிவிடுவதே நன்று. வாங்கும்போதே பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையானால் அசையாத தாங்கியே நம் பகுதிக்குப் போதும்.

உரமும் மருந்தும் விலகியிருக்கட்டும்

வயல் நடுவே நல்ல நிழல் என்று தகடுகளின் அடியில் உரமூட்டையை அடுக்குவதும், மருந்து கலக்குவதும், மாடு கட்டுவதும் வழக்கமாகி வருகின்றன. மூன்றும் தாங்கிக்கு ஆகாதவை.

அம்மோனியம் சல்பேட்டு ஈரத்தில் கரைந்தால் புளிப்புத்தன்மை காட்டித் துத்தநாகத்தைக் கரைக்கும். மூரியேட் ஆப் பொட்டாஷில் குளோரைடு நிறைய உண்டு, உப்புக்காற்று செய்யும் வேலையை அது இங்கே செய்யும். மாட்டு மூத்திரமும் சாணமும் தூணின் அடியில் தேங்கினால் அந்த இடம் எப்போதும் ஈரமாக இருந்து பூச்சு விரைவில் போகும்.

எல்லாவற்றிலும் கொடியது மயில்துத்தம். மேலே சொன்ன சோதனையில் துத்தநாகத்தை அது எப்படித் தின்கிறது என்று பார்த்தோம். அதே கரைசல் தூணில் தெறித்தால், படிந்த செம்பு அருகிலுள்ள துத்தநாகத்தைத் தொடர்ந்து அரிக்கும். போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு போன்ற செம்பு மருந்துகளைத் தாங்கிக்குப் பத்து மீட்டராவது தள்ளிக் கலக்குங்கள். தெளிக்கும்போது தவறிப் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு

தாங்கி வந்திறங்கிய நாளிலிருந்தே கவனம் தொடங்க வேண்டும். மழையில் நனைந்த சட்டங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், இடையில் காற்றுப் புகாமல் வெள்ளைத் துரு பூக்கும். கட்டை வைத்துச் சாய்வாக, இடைவெளி விட்டு அடுக்குங்கள். லேசான வெள்ளைத் துருவை நைலான் பிரஷால் தேய்த்துவிட்டால் போதும்.

வைகாசியில், சீசன் காற்று தொடங்குமுன், எல்லா நட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள். புதிதாக அமைத்த முதல் மாதத்திலும் ஒரு முறை முறுக்க வேண்டும். புரட்டாசியில், வடகிழக்கு மழைக்கு முன், தூண் அடிவாரத்து மண்ணை விலக்கி, செந்துரு தெரிகிறதா என்று பாருங்கள். ஐப்பசி இடிக்கு நில இணைப்பு அவசியம். எர்த் கம்பி தூணோடு இறுக்கமாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

உழவர்கள் கேட்கும் சில கேள்விகள்

கேள்வி: பழைய ஜி.ஐ. குழாய்கள் வீட்டில் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு தாங்கி செய்யலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் ஓடிய குழாயின் உட்பூச்சு தேய்ந்திருக்கும். வெல்டிங் வைக்கும்போது வெளிப்பூச்சும் போய்விடும். பந்தல் போட அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: துத்தநாகப் பூச்சின் மேல் வண்ணம் அடித்தால் இன்னும் நீடிக்குமா?

பதில்: முறையாக அடித்தால் நீடிக்கும். ஆனால் புதிய துத்தநாகத்தின் மேல் சாதாரண எனாமல் வண்ணம் ஒட்டாது, செதில் செதிலாக உரியும். அதற்கென்று உள்ள அடிப்பூச்சை முதலில் அடிக்க வேண்டும். 80 மைக்ரான் பூச்சு இருந்தால் நம் பகுதியில் வண்ணமே தேவையில்லை.

கேள்வி: அலுமினியத் தாங்கி துருப்பிடிக்காதே. அது நல்லதல்லவா?

பதில்: துருப்பிடிக்காது என்பது சரி. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பில் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே காற்றுக்குப் பெரிய சட்டம் வேண்டும், செலவும் கூடும். மொட்டை மாடிக்கு அது ஏற்றது. திறந்த வயலில் துத்தநாகம் பூசிய இரும்பே சிறந்தது.

கேள்வி: ஏற்கனவே அமைத்த தாங்கியில் துரு வந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: போல்ட்டில் மட்டும் துரு என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றுங்கள். சட்டத்தின் வெட்டு ஓரங்களில் என்றால் தேய்த்துத் துத்தநாக வண்ணம் பூசுங்கள். தூணின் அடியில் என்றால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். செதில் பெயர்ந்தாலோ, ஓசை மந்தமாக இருந்தாலோ காற்றுக் காலத்துக்கு முன் அந்தத் தூணை மாற்றியே ஆக வேண்டும். அமைத்து ஐந்தாண்டுக்குள் என்றால், மானியத் திட்டத்து பம்புசெட்டுகளுக்கு உள்ள ஐந்தாண்டு உத்தரவாதத்தில் தாங்கியும் அடங்கும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

எழுதி வாங்க வேண்டியவை

ஒப்பந்தம் செய்யுமுன் விற்பவரிடம் ஐந்து விவரங்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சு சூடாக முக்கியெடுத்ததா? குறைந்த அளவு எத்தனை மைக்ரான்? தூண், சட்டம் இவற்றின் கனம் எத்தனை மி.மீ.? மொத்த இரும்பு எத்தனை கிலோ? போல்ட்டு எந்த ரகம்? இவற்றுடன் அஸ்திவாரத்தின் நீளம், அகலம், ஆழம் காட்டும் படமும் வேண்டும். நேர்மையாக விற்பவர் இவற்றை எழுதித் தரத் தயங்கமாட்டார். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

தகட்டின் வாட்டைப் பார்த்து வாங்குங்கள், தாங்கியின் மைக்ரானையும் பார்த்து வாங்குங்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் தவறாமல் காய்கறி விளைய, கிணற்று மேட்டில் நிற்கும் அந்த இரும்பும் 25 ஆண்டு உறுதியாக நிற்க வேண்டும்.